கண்ணாடி வைக்கும் குழி

ஜெரோம் விமானப்படையில் இருக்கிறான் என்றால் அவன் ஊரான படாளத்தில் யாரும் அடுத்த கேள்வி கேட்பதில்லை. விமானம் ஓட்டுகிறான், அவ்வளவுதான். அவனும் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டான். ஓட்டுகிறவர்கள் ஆபீசர்கள், நான் சார்ஜென்ட், ஹெலிகாப்டருக்கு அடியில் மல்லாந்து படுத்துத் திருகாணி முடுக்குகிறவன் என்றான். யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? அதிலும் அவன் மனைவி ரெஜினாவின் தம்பி பூபாலன் இருக்கிறானே, அவனுக்கு அக்கா புருஷன் என்றால் ஆகாயத்துக்கே சொந்தக்காரர். தலைக்கு மேல் எது போனாலும், துபாய்க்குப் போகிற பயணிகள் விமானமாகவே இருந்தாலும், டீக்கடையில் நின்றுகொண்டு "எங்க மாமா போறாரு பாரு" என்று கையைக் காட்டிவிடுவான்.

உண்மையில் விமானப்படை என்றால் என்னவென்று கேட்டால் ஜெரோம் அலுப்போடுதான் சொல்வான். சண்டை விமானம் டிவியில் வரும், காலண்டரில் வரும். மீதியெல்லாம் யார் கண்ணிலும் படாது. பனிமலை முகாமுக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் தூக்கிப் போகிற சரக்கு விமானம், ராப்பகலாக வானத்தையே பார்த்துக்கொண்டு சுற்றும் ரேடார், வெள்ளம் வந்தால் கயிற்றை இறக்கி ஆளைத் தூக்கும் ஹெலிகாப்டர். ஒருத்தர் பறக்க வேண்டுமென்றால் பத்துப் பேர் எண்ணெய்க் கையோடு தரையில் நிற்க வேண்டும். அஸ்ஸாம் ஈரத்திலும் ராஜஸ்தான் புழுதியிலும் அப்படி நின்று நின்று அவனுக்கு இடுப்பு போய்விட்டது. பஸ் ஏறினால் வீடு வந்துவிடுகிற தூரத்தில் ஒரு தளத்துக்கு இப்போதுதான் மாற்றல் கிடைத்திருந்தது. அதிலும் நிம்மதி இருந்ததா என்றால் இல்லை, லீவு நாளில் வந்து தூங்கிவிட்டுப் போவதற்கே சரியாக இருந்தது.

அந்த எண்ணெய்க் கைகளுக்கு ஒரு சட்டம் உண்டு. கருவிப் பெட்டியைத் திறந்தால் உள்ளே கறுப்பு ஃபோம் பதித்திருக்கும். அதில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்திலேயே ஒரு குழி வெட்டியிருக்கும். வேலை முடிந்ததும் எல்லாக் குழியும் நிறைந்திருக்க வேண்டும். ஒருத்தன் பார்த்துச் சொல்ல, இன்னொருத்தன் தன் கண்ணாலும் பார்த்துவிட்டுத்தான் மூட வேண்டும். ஒரு குழி காலியாக இருந்தால், அந்தப் பெட்டியை வைத்துக் கடைசியாக வேலை பார்த்த ஹெலிகாப்டர் தரையை விட்டு எழும்பக் கூடாது. காணாமல் போனது வாலுக்குள் எங்காவது விழுந்து கிடந்து, மேலே போனபின் உருண்டுபோய்க் கட்டுப்பாட்டுக் கம்பியில் சிக்கினால், உள்ளே இருப்பவர்கள் கதை முடிந்தது. பிரதமரே வந்து நின்றாலும் அந்தச் சட்டம் வளையாது.

புயலுக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் அந்தச் சட்டத்தில்தான் ஓட்டை விழுந்தது. ஜெரோம் ஒரு ஹெலிகாப்டரின் வால் பகுதியைச் சோதித்து முடித்திருந்தான். கண்ணுக்கு எட்டாத மூலையைப் பார்ப்பதற்கென்று பெட்டியில் ஒரு கண்ணாடி உண்டு. நாணயம் அளவுக்கு ஒரு வட்டம், இழுத்தால் நீளும் கைப்பிடி. பல் டாக்டர் வாய்க்குள் விட்டுப் பார்ப்பாரே, கிட்டத்தட்ட அதே மாதிரி. அதைக் கையில் வைத்திருக்கும்போதுதான் ரெஜினா போன் செய்தாள். ஏரி ரொம்பிக்கொண்டு வருகிறது, சாமானையெல்லாம் மேலே ஏற்ற வேண்டும், சீக்கிரம் வந்து சேர் என்றாள். பேசி முடித்தபோது கார்ப்பரல் லக்ஷ்மிநாராயணன் பெட்டியோடு பக்கத்தில் நின்றான். "எல்லாம் கீதுப்பா, மூடு" என்றான் ஜெரோம். மூத்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவனும் குனிந்து பார்க்காமல் மூடினான். வாரம் முழுக்கப் புயலுக்காக இயந்திரங்களைத் தயார் செய்த அசதி இரண்டு பேருக்கும் இருந்தது. அசதியை ஒரு காரணமாக எங்கேயும் சொல்ல முடியாது, ஆனால் நடந்தது அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சாமானை ஏற்றி வைத்துவிட்டுப் படுத்தவன், அடித்துப் போட்ட மாதிரி தூங்கினான். பூபாலன் வந்ததும், கன்னம் வீங்கிக் கிராம்பைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும், மீன் குழம்பைச் சாப்பிட முடியாமல் சாப்பிட்டதும் அரைத் தூக்கத்தில் காதில் விழுந்தன. பாலாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இறால் குஞ்சு பொரிக்கும் ஒரு ஹேச்சரியில் பூபாலனுக்கு மோட்டார் பார்க்கும் வேலை. காற்று ஊதும் மோட்டார் நின்றால் தொட்டியில் உள்ள குஞ்செல்லாம் செத்துப்போகும், அதனால் புயலானாலும் ஆள் இருக்க வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். அவன் செய்யூர் பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டான். ஜெரோம் திங்கட்கிழமை விடியற்காலையில் தளத்துக்குத் திரும்பினான்.

புயல் அன்று ராத்திரி கரையைக் கடந்தது. மறுநாள் காலையில் காற்று அடங்கிவிட்டது, மழையும் தூறலாகிவிட்டது, ஆனால் பாலாறு இரு கரையையும் விழுங்கிக்கொண்டு வந்தது. தளத்தில் இருந்த ஒரு ஹெலிகாப்டர் முதலிலேயே விழுப்புரம் பக்கம் போய்விட்டது. சனிக்கிழமை ஜெரோம் சோதித்திருந்த மற்றொன்றுக்கு உத்தரவு வந்தது. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹேச்சரிக் கூரையில் ஆறு பேர் நிற்கிறார்கள், சுற்றிலும் வெள்ளம், போய்த் தூக்க வேண்டும்.

ஜெரோமுக்கு அது ஏற்கெனவே தெரியும். விடிந்ததுமே ரெஜினா அழுதுகொண்டே போன் செய்திருந்தாள். பூபாலன் கூரையிலிருந்து அவளிடம் பேசியிருக்கிறான், அதோடு அவன் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. ஜெரோம் அதை யாரிடமும் சொல்லவில்லை. போகிற ஹெலிகாப்டர் போய்க் கொண்டுவந்துவிடும், நாம் எதற்கு வாயைத் திறந்து சிபாரிசு மாதிரி ஆக்க வேண்டும் என்று இருந்தான்.

புறப்படுமுன் கடைசியாக ஒருமுறை சரிபார்க்க லக்ஷ்மிநாராயணன் பெட்டியைத் திறந்தான். திறந்தவன் அப்படியே நின்றான். ஜெரோம் எட்டிப் பார்த்தான். கண்ணாடி வைக்கும் குழி காலியாக இருந்தது.

பொறியியல் அதிகாரி ஸ்க்வாட்ரன் லீடர் ஷபானாவிடம் ஜெரோம் எதையும் மறைக்கவில்லை. சனிக்கிழமை பார்க்காமல் மூடச் சொன்னது நான்தான் என்றான். வாணியம்பாடிக்காரரான அந்த அம்மாள் கோபக்காரர்தான், ஆனால் அன்றைக்குத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவனுக்கு. வால் முழுவதையும் பிரித்துத் தேட வேண்டும், அதற்குப் பாதி நாள் ஓடிவிடும். இல்லையென்றால் கண்ணாடி வேறு எங்கேயாவது இருக்கிறது என்று உறுதியாகத் தெரிய வேண்டும்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருக்க வாய்ப்பிருக்கா ஜெரோம்?" என்று கேட்டார்.

இருக்கலாம் என்றான். வேலை உடுப்பான ஓவராலின் பாக்கெட்டில் போட்ட மாதிரியும் இருந்தது, வாலின் விளிம்பில் வைத்த மாதிரியும் இருந்தது. மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டாலும் அந்தச் சாயங்காலம் நினைவுக்கு வரவில்லை. போன் மணி அடித்தது நினைவிருந்தது, பெட்டியை மூடச் சொன்னது நினைவிருந்தது, நடுவில் கை என்ன செய்தது என்பதுதான் இல்லை.

வீட்டுக்குப் போன் போடத் தனியே ஒதுங்கியபோது லக்ஷ்மிநாராயணன் பின்னாலேயே வந்தான். "அண்ணே, வீட்லதான் இருக்குன்னு சொல்லிடுங்கண்ணே. அங்கதான் இருக்கும், வேற எங்க போகும்?" என்றான். ஜெரோமுக்கும் பாதி மனசு அதைத்தான் சொன்னது. எதிரே நனைந்த பெஞ்சில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுநர்கள் இரண்டு பேரும், கயிறு இறக்குகிறவரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுகேள்வி கேட்காமல் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

ரொம்ப நேரம் முயன்று லைன் கிடைத்தது. ரெஜினா முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். கண்ணாடி எப்படியிருக்கும் என்று அவன் சொன்னான். ஒரு தடவை அவன் அடையாள அட்டையையே சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்ட நாளிலிருந்து அவள் எல்லாப் பாக்கெட்டிலும் கைவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் துவைப்பாள். இந்தத் தடவையும் பார்த்திருந்தாள். எண்ணெய்ப் பஞ்சு கொஞ்சம், ஒரு பஸ் டிக்கெட், வேறு எதுவும் இல்லை.

"நல்லா பாத்தியா?"

"நான்தானே தொவச்சேன்? எனுக்குத் தெரியாதா?" என்றாள். "அது வூட்ல இருந்தா ஹெலிகாப்டர் போவுமா?"

"போவும்."

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "அப்ப கீதுன்னு சொல்லிடட்டா? தம்பி அங்க நின்னுகினு கீறான்."

ஜெரோமுக்குச் சரி என்று சொல்லிவிடத்தான் வாய் வந்தது. ஆனால் அந்தக் கண்ணாடி வாலுக்குள் கிடந்தால் என்னாகும் என்பதும் கண்முன் வந்தது. ஹேச்சரிக் கூரைக்கு மேலே நின்று கயிறு இறக்கும்போதுதான் வால் விசிறி திணறும். விழுந்தால் அந்த ஆறு பேர் தலையில்தான் விழும்.

"இல்லாதத கீதுன்னு சொன்னா, போறவங்களும் திரும்ப மாட்டாங்க, தம்பியும் திரும்ப மாட்டான் ரெஜினா. நெசத்த சொல்லு" என்றான்.

ஷபானா வந்து கையை நீட்டினார். போனைக் கொடுத்தான். ரெஜினா சொன்னது ஸ்பீக்கரில் எல்லாருக்கும் கேட்டது. "இல்ல மேடம். பாக்கெட்ல இல்ல. எதுலயும் இல்ல." அதற்குமேல் லைன் நிற்கவில்லை.

பிரித்தார்கள். ஒவ்வொரு தகடாகக் கழற்றி, ஒவ்வொரு அறையிலும் கையை விட்டுத் துழாவி, டார்ச் அடித்துப் பார்த்தார்கள். ஷபானாவே டார்ச் பிடித்தார். ஜெரோமின் விரல்கள் மரத்துப்போயின, இடுப்பு இற்று விழுந்துவிடும்போல் வலித்தது, ஆனாலும் அவன் யாரையும் மாற்றிக்கொள்ள விடவில்லை. மத்தியானம் கட்டுப்பாட்டு அறையிலிருந்து சேதி வந்தது. குப்பத்து மீனவர்கள் ஃபைபர் போட்டில் போய் ஐந்து பேரைக் கொண்டுவந்துவிட்டார்கள். ஒருத்தர் வெள்ளத்தோடு போய்விட்டார்.

யார் என்று சொல்லவில்லை. ஜெரோமும் கேட்கவில்லை, கேட்கத் திராணி இல்லை. வாலுக்குள் கையை விட்டபடியே நின்றான். ரெஜினாவின் போன் வருகிறவரைக்கும் அவன் தேடியதெல்லாம் தேடலே இல்லை, கை சும்மா அலைந்துகொண்டிருந்தது. தம்பி பிழைத்துவிட்டான், போனவர் வாட்ச்மேன் அப்பாசாமி, பாவம் என்றாள் அவள். ஜெரோம் சக்கரத்துக்குப் பின்னால் போய்க் குந்தி உட்கார்ந்து அழுதான். நம் வீட்டு ஆள் இல்லை என்று முதலில் சந்தோஷம்தான் வந்தது. அதை நினைத்து அவமானமாகவும் இருந்தது.

கண்ணாடி கிடைக்கவேயில்லை. வாலில் எதுவும் இல்லை என்று அங்குலம் அங்குலமாக உறுதி செய்து மூடினார்கள். மறுநாள் அதே ஹெலிகாப்டர் அரிசியும் பால் பவுடரும் ஏற்றிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வந்தது. விசாரணை வரும் என்று ஷபானா சொன்னார். வரட்டும் மேடம் என்றான். லக்ஷ்மிநாராயணன்மேல் எதுவும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்குமேல் அவனுக்கு அதில் அக்கறை இல்லை.

தண்ணீர் வடிந்தபின் அவனுக்கு ஒருநாள் லீவு கிடைத்தது. வீட்டுச் சுவரில் இடுப்பளவுக்குச் சேற்றுக்கோடு, கரண்ட் அதுவரை வரவில்லை. பூபாலன் அக்கா வீட்டில்தான் இருந்தான். காலில் கட்டு, கன்னத்தில் இன்னும் வீக்கம். ஜெரோம் பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்திருந்தான். எதையும் மறைக்கக் கூடாது. என் கையால்தான் ஒரு கண்ணாடி தொலைந்தது, அதனால்தான் ஹெலிகாப்டர் வரவில்லை என்று இவனிடம் சொல்லிவிட வேண்டும். காறித் துப்பினாலும் துப்பட்டும்.

ஆனால் பூபாலன் அவனைப் பேச விடவில்லை. நாலு நாளாக யாரிடமும் சரியாகப் பேசாதவன், மாமாவைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டான். ஆற்றுத் தண்ணீர் ஒரு பக்கமும் கடல் தண்ணீர் ஒரு பக்கமுமாக வந்ததைச் சொன்னான். சவுக்குத் தோப்புக்குள் புகுந்து முதல் போட் காலையிலேயே வந்ததாம். மூன்று பேரைத்தான் ஏற்ற முடியும், வயசானவர் முதலில் ஏறட்டும் என்று எல்லாரும் அப்பாசாமியைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அவர் ஏறவில்லை.

"நான்தான் மாமா சொன்னேன்" என்றான் பூபாலன். "போட்டு கவுந்தாலும் கவுந்துடும், எங்க மாமா ஏர்ஃபோர்ஸு, இப்ப வந்துகினு இருப்பாங்க, கயிறு வுட்டு அலுங்காம தூக்கிடுவாங்கன்னு. அந்தாளுக்கு நீச்சல் தெரியாது. நம்பிக்கினாரு. மேலயே பாத்துகினு இருந்தாரு."

இரண்டாவது போட் வருவதற்குள் தொட்டிச் சுவர் சரிந்து, அவர் நின்ற பக்கத்துக் கூரை அப்படியே இறங்கிவிட்டது. சொல்லி முடித்துவிட்டுப் பூபாலன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டான். கோபம் எதுவும் இல்லை அவனிடம், சோர்வுதான் இருந்தது.

"ஏன் மாமா வரல?" என்று கேட்டான்.

"மச்சான், அன்னிக்கி இன்னா ஆச்சின்னா..." என்று ஜெரோம் எடுத்தான்.

பல் சுருக்கென்று இழுத்திருக்க வேண்டும். "இரு மாமா" என்று பூபாலன் சட்டைப் பாக்கெட்டுக்குள் கையை விட்டு எதையோ எடுத்தான். கைப்பிடியைச் சரக்கென்று இழுத்து, வாயைத் திறந்து, கடைவாய்க்குள் விட்டுப் பார்த்தான். பார்த்துவிட்டு அசட்டுச் சிரிப்போடு ஜெரோமிடம் நீட்டினான். "உன்னுதுதான். ஞாயித்துக்கெழம உன் ஓவரால்ல துருத்திகினு இருந்துச்சி. சொத்தைய பாக்கலாம்னு எடுத்தேன், நீ தூங்கிகினு இருந்த, சொல்ல மறந்தே பூட்டேன். அவ்ளோ தண்ணியிலயும் தொலைக்கல பாரு."

டீ கொண்டுவந்த ரெஜினா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். கூரைமேல் அவன் நின்றபோது அது அவன் பாக்கெட்டில்தான் இருந்திருக்கிறது. அவனை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அவனைக் கேட்க வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை, தோன்றியிருந்தாலும் அவன் போன் செத்துவிட்டிருந்தது.

ஜெரோம் கண்ணாடியை வாங்கிக்கொண்டான். சின்னதாக, ஈரத்தில் ஓரம் கறுத்து, அதுவேதான். இனி உண்மையைச் சொன்னால் அது இவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அப்பாசாமியைப் போட்டில் ஏறவிடாமல் செய்ததும் நான், ஹெலிகாப்டரை வரவிடாமல் செய்ததும் நான் என்று இவன் ஆயுசு முழுக்க இதே கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருப்பான்.

"இருந்தது ஒரே ஒரு வண்டி மச்சான்" என்றான் ஜெரோம். "அத விழுப்புரம் பக்கம் அனுப்பிட்டாங்க. அங்க ஜனம் அதிகம்."

பூபாலன் அக்காவைப் பார்த்தான். ரெஜினா டீயைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள். "ஆமாண்டா" என்றாள். "டிவில கூட காட்டுனாங்க."

அந்த வீட்டில் புயலன்றிலிருந்து கரண்ட் இல்லை. ஜெரோம் அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு ஆறு பேர் உயிருக்காகக்கூட இரண்டு பேரும் சொல்லாத பொய், இன்றைக்கு எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது என்று வலித்தது அவனுக்கு.

"அப்ப சரி" என்று பூபாலன் பெருமூச்சு விட்டான். "ஹெலிகாப்டர் ஏன் வரலன்னு அப்பாசாமி புள்ள என்னையே கேட்டுகினு கீறான். அவன்கிட்ட அப்படியே சொல்லிடறேன்." டீயை ஊதி ஒரு வாய் குடித்துவிட்டு, "பல்லு புடுங்குற வரைக்கும் அத நான் வச்சிக்கட்டா மாமா?" என்று கேட்டான்.

"இல்ல மச்சான். அதுக்குன்னு ஒரு எடம் கீது. அங்க கொண்டும்போய் வைக்கணும்."

எங்கே கிடைத்தது என்று ஷபானா கேட்பார். என் பையின் அடியிலேயே கிடந்தது மேடம், நான்தான் சரியாகத் தேடவில்லை என்று சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டான். கைப்பிடியை உள்ளே தள்ளி, கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பாக்கெட்டில் வைத்தான். ரெஜினா பக்கத்தில் வந்து அந்தப் பாக்கெட்டின் பொத்தானைப் போட்டுவிட்டாள்.